ஏற்காட்டுப் பந்தயத்தில் ஓர் அரக்கு முத்திரை

நல்லமுத்துக் கவுண்டரின் மானத்துக்கு அன்று ஒன்றரை அணா விலை. பந்தயம் நடத்தியவர்கள் அவர் காரின் என்ஜின் மூடியில் எழுத்துப் பொறித்து வைத்த அரக்கு முத்திரை அதற்குமேல் பெறாது. 1936இல் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்த மோட்டார் பந்தயம் அது. வழியில் யாரும் என்ஜினைத் திறக்கக் கூடாது. முத்திரை கலைந்தால் பேரை அடித்துவிடுவார்கள்.

பழைய காரில் கவுண்டர்தான் முதலில் மலையேறினார். இரண்டாவதாக வந்தது கார் கம்பெனியே அனுப்பிய புது வண்டி. ஓட்டியவர் கம்பெனி இன்ஜினீயர் ராகவராவ்.

நடுவர் குனிந்து பார்த்தார். கவுண்டரின் முத்திரைமேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"எழுத்தே தெரியலையே. தெறந்துட்டு மறைச்சீரா?"

"நானெங்கீங்க தொறந்தேன்? வழியனுப்ப வந்த ஊட்டுக்காரி பொட்டு வெச்சுட்டாளுங்க. எனக்குந்தான் வெச்சா. என்னையுமா தொறந்து பாப்பீங்க?"

நடுவர் சிரிக்கவில்லை, பேரை அடிக்கப் பேனாவை எடுத்தார். ராகவராவ் சும்மா இருந்தாலே கோப்பை கம்பெனிக்கு. அவரோ தன் பட்டுக் கைக்குட்டையை நனைத்து, குழந்தையின் முகம் துடைப்பதுபோல் மெல்லத் துடைத்தார். கீறல்கூட இல்லாத முத்திரை தெரிந்தது.

"ஜெயிச்சது கவுண்டர்தான். எழுதுங்க சார்," என்றார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று மலை இறங்கும்வரை வியந்த கவுண்டர், கணக்கும் போட்டுப் பார்த்தார். தனக்கு வரவு ஒரு வெள்ளிக் கோப்பை. ராகவராவுக்குச் செலவு அந்தக் கோப்பையும் ஒரு பட்டுக் கைக்குட்டையும். கைக்குட்டையை வாங்கிக் கொடுத்துவிடலாம். மற்றது பாக்கியாகவே நின்றது.