கணக்கில் இல்லாத சங்கு

சாவடியின் வருடாந்திரச் சோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே கேப்டன் ஃபாங் புல்லை வெட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் கையால் இல்லை, சிப்பாய்ப் பையன்கள் கையால். நூல் பிடித்து வெட்டச் சொன்னார். காவல் சாவடியைச் சுற்றிப் புல் ஒரே உயரத்தில் நின்றால், அக்கரையிலிருந்து குண்டு போட வருகிறவன் மேலிருந்து பார்த்து, அடடா, என்ன சுத்தம் என்று மெச்சிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான் போலிருக்கிறது. அக்கரை என்றால் எதிரி நாடு, ஆனால் பெரிய தூரமில்லை. வெயில் நாளில் அங்குள்ள கட்டடங்களின் மாடிகளை எண்ணலாம். அங்கிருந்து வாரத்துக்கு ஒரு முறை பொம்மை விமானம் ஒன்று ரீங்காரமிட்டபடி வந்து சாவடிக்கு மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும். அதைச் சுட உத்தரவு இல்லை. முறைத்துப் பார்க்க உத்தரவு உண்டு.

சார்ஜென்ட் ஓயாங் சியூஹுன் இதையெல்லாம் பார்த்து வாய்க்குள்ளேயே காறித் துப்பிக்கொள்வாள். அந்தத் தீவிலேயே பிறந்தவள். பத்தொன்பது வருஷம் பத்து மாதம் பட்டாளத்தில் இருந்தாயிற்று. இன்னும் இரண்டு மாதம் போனால் ஓய்வூதியம். அதுவரை ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது. அந்த இரண்டு மாதத்தைத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். சாவடியின் இயந்திரங்களெல்லாம் அவள் பொறுப்பு. கேப்டன்கள் தலைநகர் தைபேயிலிருந்து வருவார்கள், ஒன்றரை வருஷம் இருந்து புல் வெட்டுவார்கள், பதவி உயர்வோடு கப்பலேறுவார்கள். ஃபாங் அவள் பார்த்த பதினாலாவது ஆள்.

சாவடியில் அபாயச் சங்குகள் இரண்டு இருந்தன.

ஒன்று மின்சாரச் சங்கு. பச்சைப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொத்தான். கணக்கில் இருப்பது இதுதான். வந்த இரண்டாவது வருஷமே உப்புக் காற்று அதன் குடலைத் தின்றுவிட்டது. பழுது என்று மாதாந்திர அட்டையில் எழுதினால் சாவடிக்கு மதிப்பெண் போகும் என்று அப்போதிருந்த கேப்டன் 'நன்று' என்று எழுதச் சொன்னார். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு உதிரிபாகம் கேட்டுக் கடிதம் போட்டார்கள். அட்டையில் நன்று என்று இருக்கிறதே, நன்றாக இருப்பதற்கு உதிரிபாகம் எதற்கு என்று மேலிடம் கேட்டது. நியாயமான கேள்வி. மூன்று வருஷமாக மாதாமாதம் அவளும் நன்று என்று எழுதிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது, கைச்சங்கு. அக்கரையிலிருந்து பீரங்கி சுட்ட காலத்துச் சாமான், கைப்பிடியைச் சுற்றினால் ஊதும். அது அழிக்கப்பட்டுவிட்டதாக பத்து வருஷத்துக்கு முன்பே ஆதாரப் படத்தோடு காகிதம் போயாயிற்று. படம் எடுத்தவன் போன பிறகு குப்பையிலிருந்து அவள் அதை எடுத்து வந்தாள். உருளைகளை மாற்றி, கிரீஸ் வைத்து, கடலைப் பார்த்த மேட்டில் பொருத்தினாள். வசந்தத்தில் மூடுபனி இறங்கும்போது, கடல் வற்றிய நேரத்தில் தூரச் சேற்றில் சிப்பி பெயர்க்கப் போன பெண்கள் திசை தெரிந்து திரும்புவதற்காக அதைத்தான் சுற்றுவாள். ஊரில் எல்லோரும் அதை 'பட்டாளத்துச் சங்கு' என்று சொன்னார்கள். எந்தச் சங்கு என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பட்டாளச் சட்டம் இதில் தெளிவு. ஒரு சாமான் குறைந்தால் திருட்டு. கூடினால் அதைவிடப் பெரிய திருட்டு. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் வேலை செய்யாத சங்கு பெயிண்ட் பூசிக்கொண்டு உள்ளே நிற்கும். வேலை செய்கிற சங்கு பெட்டிக்குள் போய் ஊருக்குள் ஒளிந்துகொள்ளும். இப்படித்தான் ஐயா, ஒரு தீவைக் காப்பாற்றுகிறார்கள்.

அந்த வருஷம் கேப்டன் ஃபாங்குக்கு இன்னொரு யோசனையும் வந்தது.

"சார்ஜென்ட், சோதனைக்கு வர்ற கர்னல் ஷாவுக்குச் சிப்பி ஆம்லெட்னா உயிராம். அன்னைக்குக் காலையில எடுத்த சிப்பியா இருக்கணும். உங்க அக்கா அந்த வேலைதானே பாக்குறாங்க?"

"மார்ச்சு மாசம் சார். மூடுபனி நேரம்."

"பத்து கிலோ போதும். என்னமோ அக்கரைக்குப் போய் எடுத்துட்டு வரச் சொன்ன மாதிரி மூஞ்சிய வைக்கிறீங்க."

சோதனை நாள் காலை, கரைப் பாதை முடிகிற இடத்தில், ஊர்க்காவலுக்கு நிற்கும், சிவப்புத் துணி போர்த்திய கல் சிங்கத்தின் பக்கத்தில், அக்கா பிக்கிம் தன் மூன்று சக்கர வண்டியை நிறுத்தியிருந்தாள். தலையில் பூப்போட்ட துணி, இடுப்பு வரை ரப்பர் காலுறை. கூட ஐந்து பெண்கள். சியூஹுனும் ஒரு சிப்பாயும் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்து, மேலே சிப்பிச் சாக்குகளைப் போட்டு மூடினார்கள்.

"வருஷா வருஷம் இந்தப் பொணத்த என் வண்டியில ஏத்துற. உள்ள என்னடி இருக்கு?"

"கணக்குல வராத சாமான். சாயங்காலம் எடுத்துக்கிறேன்."

பிக்கிம் கடலைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். "காத்து செத்துக் கெடக்கு. தெக்கேயிருந்து ஈரம் வருது. இன்னைக்கு மூடும் பாரு. எனக்கு எறங்க மனசே இல்ல."

"பத்து கிலோதானே அக்கா. அந்த ஆளு என் உசுர வாங்குறான். எனக்காகப் போயிட்டு வா."

"அவன் ஆம்லெட் திங்க நான் சாகணுமா?"

"மூடினா சங்கு ஊதுறேன்ல. எப்பவும் ஊதலையா?"

வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. வாயிலிருந்து அது தானாக வந்தது. சொல்லிவிட்டுச் சாக்கின் ஓரத்தை இன்னொரு முறை இழுத்துச் செருகினாள். மேடேறும்போதுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஒரு நாள்தானே, பாதி நாள்தானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் வரிசையாகச் சேற்றில் இறங்கி, எதிரிப் படகு ஏறாதபடி சாய்த்து நட்ட தண்டவாளங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கர்னல் ஷாவ் வந்தார். வெள்ளைக் கையுறை. பின்னால் படம் எடுக்க ஒரு சிப்பாய், குடை பிடிக்க ஒரு சிப்பாய். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கர்னல் துப்பாக்கிகளின் பக்கம் அதிகம் போகவில்லை. படுக்கைகளின் மடிப்பைப் பார்த்தார். தீயணைப்பு வாளிகளின் சிவப்பைப் பார்த்தார். மின்சாரச் சங்கின் முன்னால் நின்று பெட்டியின் மேல் விரலைத் தேய்த்து, விரலைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். பெயர்ச்சீட்டின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்தார்.

"அரை சென்டிமீட்டர் மேல இருக்கு."

"உடனே இறக்கிடறோம் சார்," என்றார் ஃபாங், ஏதோ கொடியை இறக்கச் சொன்ன மாதிரி பதறி.

கர்னல் அட்டையைப் புரட்டினார். முப்பத்தாறு 'நன்று'. சியூஹுனைப் பார்த்துப் புன்னகை செய்து, முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பொத்தானை அமுக்கவில்லை. எந்தக் கர்னலும் அமுக்கியதில்லை.

அந்த நேரத்தில்தான் சியூஹுன் காவல் துளை வழியாகக் கடலைப் பார்த்தாள். அக்கரை காணாமல் போயிருந்தது. அது போனால் போகட்டும், நஷ்டமில்லை. ஆனால் தண்டவாள வரிசைகளும் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன. மணி பதினொன்று. கடல் வற்றுவது முடிந்து, தண்ணீர் ஏற ஆரம்பித்து அரைமணி ஆகியிருக்கும். அங்கே தண்ணீர் நடந்து வராது, ஓடி வரும்.

"சார், கடல்ல ஆறு பொம்பளைங்க இருக்காங்க. சங்கு ஊதணும்."

கர்னல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்துல உத்தரவு இல்லாம முன்வரிசையில அபாயச் சங்கு ஊதுறதா? அக்கரைக்காரன் போர்னு நினைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"அக்கரைக்காரன் எங்க புல்லோட நீளத்தையே அளந்து வச்சிருக்கான் சார். அவனுக்குத் தெரியாதா?"

"சார்ஜென்ட்!" என்று ஃபாங் கத்தினார். ஆனால் அவர் முகத்தில் உயிர் வந்திருந்தது. பொத்தானை அமுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அது. "கர்னல் சார் சொல்றதுதான் சரி. தலைமையகத்துக்குப் போன் போட்டு உத்தரவு கேட்போம் சார். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

வெளியே ஆறு பேர் சாகப் போகிறார்கள், இங்கே முறை. தூ!

"நீங்க போன் போட்டுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு, சல்யூட் கூட வைக்காமல் சியூஹுன் வெளியே ஓடினாள்.

கரைப் பாதையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கல் சிங்கத்தின் மேல் முட்டிக்கொண்டுதான் வண்டியைக் கண்டுபிடித்தாள். சாக்குகளை வாரி எறிந்தாள். பெட்டியின் மூடியில் எட்டு ஆணி. முந்தின நாள் அவளே அடித்தது. யாரும் திறக்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தலை வரை இறக்கியிருந்தாள். அவ்வளவு ஒழுங்கான வேலைக்காரி! வண்டியிலிருந்த சிப்பிக் கொக்கியை இடுக்கில் விட்டு நெம்பினாள். நாலாவது ஆணியில் கொக்கி வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. மூடி பாதி பெயர்ந்ததும் மீதியைக் காலால் உடைத்தாள்.

கைச்சங்கைச் சிங்கத்தின் பீடத்தில் தூக்கி வைத்து, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள். முதலில் ஒரு முனகல். பிறகு ஏறியது. ஏறி ஏறி, காது அடைக்க, வயிறு அதிர, வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது. தோள் கழன்று போகிற மாதிரி வலித்தபோது கையை மாற்றினாள். நடுவில் நிறுத்திக் கூப்பிட்டுப் பார்த்தாள். "அக்கா! பிக்கிம் அக்கா!" பதில் இல்லை. மறுபடி சுற்றினாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முதலில் ஒருத்தி வந்தாள், தொடை வரை நனைந்து. அடுத்து ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மூன்று பேர். அப்புறம் வயதான ஒருத்தி, வாளியை விடாமல். "உங்கக்கா பின்னாலதான் வந்தா, என்னைத் தள்ளிவிட்டுட்டு நின்னுட்டா," என்று சொல்லி அந்த அம்மாள் அழுதாள். சியூஹுன் கை மாற்றக்கூட நிற்கவில்லை. பைத்தியம் பிடித்தவள் போல் சுற்றினாள்.

பிக்கிம் கடைசியாக வந்தாள். நெஞ்சு வரை தண்ணீர். தண்டவாளங்களில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்ததில் இரண்டு கையும் ரத்தம். வந்து மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சியூஹுன் கைப்பிடியை விட்டாள்.

கேப்டன் ஃபாங் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆறு பெண்களை அவர் எண்ணவில்லை. "மூடுங்க, மூடுங்க, அதை முதல்ல மூடுங்க," என்று சாக்கை எடுத்துத் தானே சங்கின் மேல் போட்டார். பட்டாளத்துக்கு வந்த பிறகு அவர் தன் கையால் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

பெண்களைச் சாவடிக்கு அழைத்துப் போய்க் கம்பளி போர்த்தி, சூடாக இஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். பனியும் கலைந்துவிட்டது. அதுவரை போன் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்த கர்னல் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நான் வேண்டாம்னு சொல்லியும் சங்கை ஊதினது யாரு?"

"முடிவு நான்தான் எடுத்தேன் சார்," என்றார் ஃபாங், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

"தப்பு. ஆனா நல்ல தப்பு! பேப்பர்ல வரணும் இது." கர்னல் படம் எடுக்கிற சிப்பாயைக் கூப்பிட்டார். பிக்கிமை மின்சாரச் சங்கின் பக்கத்தில் நிறுத்தினார். "அம்மா, அந்தப் பொத்தான்மேல விரலை வைங்க. ம்… அமுக்கியே பாருங்க. உத்தரவும் இப்பதான் வந்திருக்கு."

ஃபாங்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிக்கிம் ரத்தம் கசிகிற விரலால் பொத்தானை அமுக்கினாள்.

ஒன்றும் இல்லை. ஒரு கொசு பறக்கிற சத்தம் கூட இல்லை.

கர்னல் தானே அமுக்கினார். இரண்டு முறை. சிப்பாய்கள் கூரையைப் பார்த்தார்கள். கர்னல் அட்டையைப் பார்த்தார். அதன் கீழே, தன் கையெழுத்தோடு இருந்த முழு மதிப்பெண்ணைப் பார்த்தார். கையுறையை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டார்.

"படத்துல சத்தம் விழாது," என்றார் சிப்பாயிடம். "எடு."

எடுத்தான். எல்லோரும் ஆம்லெட் சாப்பிடப் போனார்கள். பெண்கள் கொண்டுவந்த ஒரு வாளிச் சிப்பி அதற்குப் போதுமானதாக இருந்தது.

பிக்கிம் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் கரைப் பாதையில் இறங்கி நடந்தாள். சியூஹுன் பின்னாலேயே ஓடினாள். கல் சிங்கத்தின் பீடத்தில் இருந்த சாக்கைப் பிக்கிம் இழுத்து எறிந்தாள். சங்கைப் பார்த்தாள். பிறகு வண்டியில் உடைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இதையா என் வண்டியில ஏத்தின?"

"அக்கா, மேல இருக்கிறவனுங்க எல்லாம் முட்டாப் பசங்க. கூடுதலா ஒரு சாமான் இருந்தா..."

"அவனுங்கள விடுடி. மூடினா ஊதுறேன்னு காலையில சொன்னது யாரு? இந்த வாயாலதானே சொன்ன? இந்தக் கையாலதானே பெட்டிய மூடின?"

கேப்டனைத் திட்ட, கர்னலைத் திட்ட, மேலிடத்தைத் திட்ட சியூஹுனிடம் இருபது வருஷத்துக்கான வார்த்தைகள் இருந்தன. இதற்கு ஒன்று கூட இல்லை.

"போன வருஷமும் ஏத்தின. முந்தின வருஷமும் ஏத்தின. அன்னைக்கெல்லாம் நாங்க கடல்லதான்டி இருந்தோம். பட்டாளத்துல நம்மாளு ஒருத்தி இருக்கா, சங்கு இருக்குன்னு நம்பித்தான் சேத்துல எறங்கினோம்." பிக்கிமின் குரல் உயரவே இல்லை. "அக்கரைக்காரன் கிட்டேயிருந்து எங்களைக் காப்பாத்த நீங்க இருக்கீங்க, சரி. உன்கிட்டேயிருந்து எங்களை யாருடி காப்பாத்துறது?"

அவள் வண்டியைத் திருப்பி, காலி வாளிகள் ஆட, ஊரைப் பார்த்துப் போய்விட்டாள்.

சியூஹுன் குனிந்து கைச்சங்கை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சாக்கு காலடியில் கிடந்தது. அதை எடுத்துச் சங்கை மூடவில்லை. மேட்டில் சங்கைப் பொருத்துகிற இடத்துக்குப் போக ஒரே வழிதான், சாவடியின் முற்றம். கர்னலின் ஜீப் இன்னும் அங்கேதான் நின்றது. அவள் மேடேற ஆரம்பித்தாள்.