கிளியின் குரல் இருக்கும் இடம்

1
பிராக் நகரில் என் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார். அவருடைய கிளி மட்டும் பல நாள் அவரைப் போலவே இருமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கச் சகியாமல்தான் நானூறு ஆண்டு பின்னால் ஓடி, இதை எழுத உட்கார்ந்தேன்.

2
'கோட்டையின் மேல் பனி பெய்துகொண்டிருந்த ஒரு' — வேண்டாம். பனி யார் கதையிலும் பெய்யும்.

மத்யாஷ் என்பவன் பேரரசரின் ஓவியன். அரண்மனை விலங்குகள் செத்தால் அறுத்துப் பார்த்து, உள்ளே இருப்பதை வரைபவனும் அவனே. ஓவியர்கள் அவனைக் கசாப்புக்காரன் என்றார்கள். வைத்தியர்கள் சுவருக்குச் சாயம் பூசுகிறவன் என்றார்கள். இரண்டு மேசையிலும் இடமில்லாததால் மனைவி டோரோத்தாவோடு மட்டும் சாப்பிட்டான். கொள்ளைநோய் அவளைக் கொண்டுபோனது.

அவள் தீனிபோட்டு வளர்த்த பேரரசரின் சாம்பல் கிளி மிஞ்சியது. (முதலில் அதற்கு அன்பான வாசகம் ஒன்று எழுதினேன். டோரோத்தா அப்படிப் பேசுகிறவள் இல்லை.) அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் குரலிலேயே அது கத்தும்: "மத்யாஷ்! சேத்துக் காலோட உள்ள வராதே!"

அவன் வாசலிலேயே நின்று பூட்ஸைக் கழற்றுவான்.

3
அரண்மனை வைத்தியர் ஓண்ட்ரேய் வந்தார்.

"பறவை எப்படிய்யா மனுசன் மாதிரி பேசுதுன்னு ராஜா கேக்கறார். அறுத்துப் பாத்து, படம் போட்டுக் குடு."

"உசுரோட இருக்குதுங்களே."

"கிழம். எப்பவாவது செத்து அழுகிக் கிடந்தா என்னத்தப் பாக்கிறது?"

"வேற கிளி…"

"பேசற கிளி வேற எங்கே இருக்கு?"

மத்யாஷ் கிளியின் அலகைப் பார்த்தான். உதடில்லை, பல்லில்லை, அவள் குரல் எங்கிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை அவனுக்கும் இருந்தது. அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது.

4
ஒரு பிரதியில் ஜன்னலைத் திறந்துவிட்டேன். குளிருக்குப் பயந்து கிளி நகரவில்லை. இன்னொன்றில் அவன் மறுத்தான். மறுநாளே வேறொருவன் மழுங்கின கத்தியோடு வந்தான். இரண்டையும் கிழித்தேன்.

அவனே செய்தான். கிளியை மடியில் வைத்து, கழுத்தை — (முடியவில்லை, விடுகிறேன்.)

தொண்டையில் ஒன்றுமில்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள், பட்டாணி அளவில் ஒரு தசைமுடிச்சு. அதை அவன் வரைந்ததுபோல் எந்த அரசியின் முகத்தையும் வரைந்ததில்லை.

"இவ்ளோதானா?" என்றார் ஓண்ட்ரேய்.

"இவ்ளோதாங்க."

"அடியில என்னன்னு எழுது."

5
'சாம்பல் கிளியின் குரலுறுப்பு' என்று எழுதுவதுதான் முறை. 'டோரோத்தா' என்று எழுதினால் வேலை போகும். மை தொட்ட தூரிகையோடு அவன் குனிந்திருக்கிறான். வைத்தியர் பக்கத்திலேயே நிற்கிறார்.

நான் என் எழுதுமேசையிலிருந்து எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள்.