தலைவர் என்ன சொல்கிறார்?

ஒரு மனுஷனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவரைக் கழற்றிவிடுவதைப் பற்றி மூணு மணி நேரம் பேசினார்கள் என்றால், அது எவ்வளவு வெட்கங்கெட்ட கூட்டமாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள். பெங்களூர் ஆஸ்டின் டவுனில், பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் கட்சி ஆபீஸ். முன்வரிசையில் தலைவர் மதியழகன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, வலது கை மடியில் செத்துக் கிடக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், இருபத்திரண்டு வருஷமாக எங்கே உட்காருவானோ அங்கேயே, பாக்கியராஜ்.

மாநகராட்சியில் எதிர்க்கட்சி என்று பேருக்கு இருந்த கட்சி. தள்ளித் தள்ளிப் போன தேர்தலை ஒருவழியாக அறிவித்துவிட்டார்கள். இன்னும் ஆறே வாரம். தலைவருக்கோ போன வருஷம் பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டது. இவரை வைத்துக்கொண்டே தேர்தலுக்குப் போவதா, இப்பவே ஆளை மாற்றுவதா என்பதுதான் பேச்சு.

"முகம் இருக்கு, வாய் எங்க இருக்கு?" என்று கன்னடத்தில் கேட்டான் கிரண். நாலு அபார்ட்மென்ட் கட்டி விற்றவன். அடுத்த தலைவர் தான்தான் என்று ஏற்கெனவே போஸ்டர் டிசைன் பண்ணி வைத்திருந்தான். "டிவியில விவாதத்துக்குக் கூப்பிட்டா யாரை அனுப்பறது? எச்சில் துடைக்க ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பணும்."

"லிங்கராஜபுரத்துல போய் உன் பேரைச் சொல்லிப் பாரு, யாருன்னு கேப்பாங்க," என்றாள் முன்னாள் கவுன்சிலர் வீணா. "ஓட்டு இவர் பேருக்குத்தான் விழுது. ஆறு வாரம் இருக்கும்போது தலையை வெட்டிட்டு முண்டத்தை வச்சு ஓட்டு கேக்கப் போறீங்களா?"

"அதுக்காகப் பொணத்தை ஜீப்புல ஏத்திக்கிட்டு ஊர் சுத்த முடியுமா மேடம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்க, சிரித்தார்கள். அவர் எதிரிலேயே சிரித்தார்கள், பாவிகள். நாக்கு விழுந்தவருக்குக் காதும் விழுந்திருக்கும் என்று நினைப்பு. காது நன்றாகவே கேட்டது. அவர் கண்ணோரம் துடித்ததை பாக்கியராஜ் மட்டும்தான் பார்த்தான்.

பாக்கியராஜின் வேலையே அவரைப் பார்ப்பதுதான். கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். சுரங்கம் மூடியதும் ஒரே ரயிலில் பெங்களூர் வந்தவர்கள். மேடையில் தலைவர் ஒரு வரி தமிழில் பேசுவார், பாக்கியராஜ் அதைக் கன்னடத்தில் சொல்வான். அதுதான் கட்சி வழக்கம். பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் பேசுவது "ஆ... வா..." என்றுதான் ஊருக்குக் கேட்கும். இவனுக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கும். அதனால் தமிழையும் இவனே சொன்னான். இவன் சொன்னதுதான் தலைவர் சொன்னது. ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. எழுதிக் காட்டவும் அவருக்கு வழியில்லை, இடது கை காகிதத்தில் கிறுக்கத்தான் செய்யும்.

இத்தனைக்கும் பாக்கியராஜுக்கு ஒரு வார்டு சீட்டு கிடைத்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டான். "நீ நின்னா எனக்கு யாருடா பேசுவா?" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார். மேடையில் இவனை டேப் ரெக்கார்டர் என்று கூப்பிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். இவனும் சேர்ந்து சிரிப்பான். வயிறு எரிய எரியச் சிரிப்பான். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இவனுடைய லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வந்த கிரண், காபி குடித்துக்கொண்டே, "உங்க வார்டுக்கு உங்க பேருதாண்ணா எழுதியிருக்கேன், நாளைக்கு நல்லபடியா முடியட்டும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கடைசியில் மூத்தவர் கோவிந்தப்பா எழுந்தார். அவர் சொன்னால் அந்த ஹாலில் மறுபேச்சு கிடையாது. "இது அவர் கட்டின கட்சி. ஓட்டெடுத்து அவரை இறக்க நான் விடமாட்டேன். அவர் வாயால போறேன்னு சொன்னா போகட்டும். இருக்கேன்னு சொன்னா எல்லாரும் பொத்திக்கிட்டு வேலையைப் பாருங்க."

தலைவர் இடது கையால் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். பாக்கியராஜும் வழக்கம்போல எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"ஆறு வாரம் குடுங்க," என்றார் மதியழகன். கோழை கட்டின தொண்டையில் அது வெறும் முனகலாக வந்தது. பாக்கியராஜுக்குக் கணீரென்று கேட்டது. "ஜெயிச்சுக் காட்டறேன். அப்புறம் நானே போயிடறேன். இப்படித் துரத்தாதீங்க."

பாக்கியராஜ் ஒருதரம் கிரணைப் பார்த்தான். அப்புறம் மைக்கில், அழுத்தம் திருத்தமான கன்னடத்தில், "உடம்பு முடியலைங்கறாரு," என்றான். "கிரணுக்கு வழிவிடறேங்கறாரு."

கன்னடம் தலைவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவன் பக்கம் திரும்பினார். தலையைப் பலமாக ஆட்டினார், இல்லை, இல்லை என்று.

"ஏன் தலையை ஆட்டறாரு?" என்றாள் வீணா.

"யாரும் தன்னைத் தடுக்காதீங்கங்கறாரு மேடம்."

தலைவர் இடது கையால் இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். பித்தான் தெறித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவருக்கு. "துரோகி" என்றது அது. கூட்டத்துக்கு அழுகையாகக் கேட்டது. "என்னைப் பிரிய மனசில்லை அண்ணனுக்கு," என்று பாக்கியராஜ் சொல்ல, வீணாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோவிந்தப்பா வந்து தலைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கைதட்டினார்கள். கொஞ்சம் முன்னால் பொணம் என்றவன்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினான்.

மூணாம் நாள் காலையில் வேட்பாளர் பட்டியல் வந்தது. லிங்கராஜபுரத்துக்கு பாக்கியராஜ். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைவரின் மனைவி வள்ளியம்மா வீட்டுக்கு வரச்சொல்லிப் போன் செய்தார். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் என்ன நினைப்பாரோ என்று பயம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனில் தலைவர் வீட்டுக்குப் போனான்.

"வா பாக்கியா," என்றார் வள்ளியம்மா. முகம் தெளிவாக இருந்தது. "அந்தச் சனியன் பிடிச்ச பதவியை அவராவே உதறிட்டு வந்தாரே, அது போதும் எனக்கு. ஆனா ரெண்டு நாளா ஒண்ணையே சொல்றாருப்பா. ராத்திரியும் சொல்றாரு. எனக்கு ஒரு எழவும் விளங்கல. நீதான் கேட்டுச் சொல்லணும்."

ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார் தலைவர். இவனைக் கண்டதும் திட்டவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கினார்.

"நான் விட்டுட்டு வரலைன்னு வள்ளிகிட்ட மட்டும் சொல்லிடுடா," என்றார். "வேற யாருக்கும் தெரிய வேணாம். அவகிட்ட மட்டும்."

"என்னப்பா சொல்றாரு?"

பாக்கியராஜ் தரையைப் பார்த்தான். சொன்னால் அண்ணி அரை மணியில் கோவிந்தப்பாவுக்குப் போன் போடுவார். பட்டியலில் பேர் இருக்காது.

"காபியில சக்கரை பத்தலையாம் அண்ணி."

"அட கடவுளே, இதுக்கா ரெண்டு நாளா?" வள்ளியம்மா சமையலறைக்கு ஓடினார். டம்ளரோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவர் வாயருகே கொண்டுபோனார். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னும் வேணுமா?" என்று இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினார் வள்ளியம்மா. தலைவர் பாக்கியராஜையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"பாத்தியா, குடிக்கறாரு," என்றார் வள்ளியம்மா, புடவைத் தலைப்பால் அவர் மோவாயைத் துடைத்துக்கொண்டே. "தினம் ஒருதரம் வந்துட்டுப் போப்பா. இவரு என்ன சொல்றாருன்னு உன்னை விட்டா எனக்கு யாரு சொல்லுவா."