நாலாவது கேள்வி

ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு அந்த சோப்புக் கம்பெனி ‘ரைட்சைஸிங்’ என்று பெயர் வைத்திருந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதையும் கோட்டு போட்டுக்கொண்டு செய்தால் மரியாதை போலிருக்கிறது. அங்கே மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர், இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவரும் வேலைக்கே புதிதாக மனுப்போட்டு, இன்டர்வியூவுக்கும் போக வேண்டுமாம். பாதிப் பேருக்குத்தான் இடம். ஐம்பத்து மூன்று வயதில் இது போனால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

எல்லோருக்கும் அதே ஐந்து கேள்விகள். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சு வரக்கூடாதென்று, கேள்வியை மாற்றவும் கூடாது, குறுக்கே வேறெதுவும் கேட்கவும் கூடாது என்று உத்தரவு. அதில் நியாயம் இருப்பதாகத்தான் ஃபிட்டருக்கும் பட்டது.

ஆபீஸ் வேலை பார்க்கும் மகள் ஒரு வாரமாக அவரையும், அதே கம்பெனியில் பேக்கிங் செய்யும் அவர் தங்கையையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். பலவீனம் என்ன என்று கேட்டால், வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போக மனசு வராது என்று சொல்ல வேண்டும். செய்த தப்பைக் கேட்டால், எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டதைச் சொல்ல வேண்டும்.

“தப்பு மாதிரியும் இருக்கணும், தப்பாவும் இருக்கக் கூடாதுப்பா” என்றாள் மகள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் செத்த நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து ஃபிட்டர் பார்த்ததில்லை.

இன்டர்வியூ அறையில் தலைமை ஆபீஸிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். முதல் மூன்று கேள்விகளுக்கும் மளமளவென்று பதில் சொன்னார். நாலாவதாக, செய்த ஒரு தப்பையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்லச் சொன்னாள். பாடம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

மிக்ஸர் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டுகிறவர், வேறு யாரும் ஓட விடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பூட்டு. தங்கை புருஷனின் பூட்டு துருப்பிடித்து வீணாகி, ஸ்டோரில் புதுசு கேட்டு மூன்று மாதமாகியும் வரவில்லை. மாமனும் மச்சானும்தானே என்று இருவரும் ஒரே பூட்டில் வேலை செய்து பழகிவிட்டார்கள். சாவி ஃபிட்டரிடம். மச்சான் செத்த அன்று வேலை முடிந்து இருவரும் மேலே வந்தார்கள். விட்டுவிட்டு வந்த சுரண்டியை எடுக்க மச்சான் மறுபடி இறங்கியதை ஃபிட்டர் பார்க்கவில்லை. பூட்டுப் போடாமல் இறங்கியது செத்தவனின் தப்பு என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து ஃபிட்டருடையது.

“பூட்டைத் தொறந்ததும் நான்தான், சுவிட்சு போட்டதும் நான்தான். அவன் மேல தப்பில்ல. அத எழுதிக்குங்க.”

அந்தப் பெண் எழுதினாள். வேலை போகட்டும், போலீஸ் வரட்டும் என்றிருந்தது ஃபிட்டருக்கு. நாலு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். எட்டிக் காகிதத்தைப் பார்த்தார். தப்பைத் தன்னுடையதென்று ஏற்கும் குணத்துக்கான ‘ஓனர்ஷிப்’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

“செத்துப்போனது என் தங்கச்சி புருஷன்மா.”

“குறுக்கே எதுவும் கேக்க எனக்கு அனுமதி இல்ல சார்.” அவள் நிமிரவில்லை. காகிதத்தைத் திருப்பினாள். “அஞ்சாவது கேள்வி. இன்னும் அஞ்சு வருஷத்துல உங்கள எங்க பாக்குறீங்க?”

மகள் சொல்லிக்கொடுத்த பதிலை ஃபிட்டர் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். அப்படி ஒப்பிக்க முடிந்ததை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அடுத்தது அவள் முறை. உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் எழுந்தாள்.

“வேல கெடைச்சிடுமாண்ணா?”

“கெடைச்சிடும்.”

“அந்தத் தப்புக் கேள்விக்கு என்ன சொன்னே? எனக்கு அதுதான் மறந்து மறந்து போகுது.”

உள்ளே, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொட்டியதை இவளிடம் சொல்ல அவரால் முடியவில்லை.  வாயில் இவ்வளவுதான் வந்தது.

“நீ எந்தத் தப்பும் செய்யலன்னு சொல்லு.”

“போண்ணா” என்று சிரித்தாள் தங்கை. “அப்படிச் சொன்னா மார்க் போட மாட்டாங்க.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.