ஊசி சொன்ன பொய்

என் மருமகள் ஓர் ஊசிக்குச் செய்கிற சேவகத்தில் பாதியை எனக்குச் செய்திருந்தால் நான் பத்து வயது குறைந்து நடமாடிக்கொண்டிருப்பேன். தைக்கிற ஊசி இல்லை. இறைச்சிக்குள் குத்தி வைக்கிற வெப்பமானி. ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி, அதன் வாலில் ஒரு வயர், வயரின் மறுமுனையில் எண் காட்டும் மீட்டர். எங்கள் வீட்டில் அதற்கு ஊசி என்றே பெயர்.

நாங்கள் புகையில் இறைச்சி வேகவைத்து விற்கிறவர்கள். கடைக்குப் பின்னால் ஸ்மோக்கர் இருக்கிறது. ஒரு பக்கத்துப் பெட்டியில் விறகு எரியும், சூடும் புகையும் மட்டும் இறைச்சிக்குப் போகும். வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற சூடெல்லாம் ஓடிவிடும். அதனால்தான் ஊசி.

அதை அவள் பார்த்துக்கொள்கிற அழகைப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கறியின் தடித்த இடம் பார்த்து, எலும்பில் முட்டாமல் குத்துவாள். எலும்பு சீக்கிரம் சூடேறிப் பொய் சொல்லுமாம். வயரை மூடிக்கு இடையில் நசுக்க மாட்டாள், பக்கத்துத் துளை வழியாகத்தான் வெளியே விடுவாள். நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போகிற வயர்ப் பகுதிக்கு அலுமினியத் தாள் சுற்றுவாள். வேலை முடிந்ததும் வெந்நீரில் பிழிந்த துணியால் கம்பியை மட்டும் துடைத்து, வயரை மடங்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டுவாள். என் மகனுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிய நாளில்கூட நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு பரீட்சை. முதியோர் இல்லம் ஒன்றில் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு. பிடித்திருந்தால் வாராவாரம் எங்களுக்கே. இதற்காக மருமகள் ஆறு மாதமாக அந்த இல்லத்து மேலாளரம்மாவின் வாசலில் நின்றிருக்கிறாள். பன்னிரண்டரைக்குப் பந்தி. பன்னிரண்டு முழுக்கோழிகள் பத்தேகாலுக்கு உள்ளே போயின. பெரிய கோழிகள் இரண்டில் ஊசி.

பதினொன்று நாற்பதுக்கு மீட்டர் கூவியது. எழுபத்தைந்து டிகிரி, கோழி வெந்தாயிற்று என்று கணக்கு. இரண்டு ஊசியும் அதையே சொன்னது. என் மகன் கோழி அடுக்கும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மருமகள் மட்டும் அசையவில்லை.

"அத்தை, இது சீக்கிரம்."

"சீக்கிரம்னா நல்லதுதானே? எடு, எடு."

"இந்தச் சூட்டுக்கு இவ்ளோ பெரிய கோழி ஒன்றரை மணி நேரத்துல வேகாது. எங்கயோ தப்பு இருக்கு."

"உன் மீட்டரை நீயே நம்பலைன்னா எதுக்கும்மா அதை வாங்கி வச்சிருக்க? ஒண்ணை வெட்டிப் பாரு, தெரிஞ்சிடும்."

"வெட்டினா தெரியாது அத்தை. புகை பட்ட கறி வெந்தாலும் சிவப்பாதான் இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறு மாதம் அலைந்தது இவள். இப்போது வாசல் வரை வந்த லட்சுமியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவளும் இவள். நான் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். மகனும், "அம்மா சொல்றதும் சரிதானே" என்று தாளம் போட்டான்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது தளதளவென்று கொதித்ததும் ஒரு கோழியிலிருந்த ஊசியை உருவித் துடைத்து, நுனியை மட்டும் அதற்குள் பிடித்தாள்.

கொதிக்கிற தண்ணீர் எங்கள் ஊரில் நூறு காட்ட வேண்டும். நூற்றுப் பதின்மூன்று காட்டியது. அடுத்த ஊசி நூற்றுப் பதினாறு.

அலமாரியில் பிரிக்காமல் கிடந்த புது ஊசியை எடுத்தாள். தண்ணீரில் நூறு. அதைக் கோழிக்குள் குத்தினாள். நாங்கள் மூன்று பேரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். எண் ஏறி, ஏறி, அறுபத்தொன்றில் நின்றுவிட்டது.

பாதி வெந்த கோழி. நாற்பது பேர், எல்லோரும் என் வயது, என் வயதுக்கும் மேல். ஒரு வாந்திபேதி வந்தால் தாங்குகிற உடம்பா அது?

அவள் பழைய ஊசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கம்பியும் வயரும் சேருகிற மூட்டில் வெள்ளையாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. சோப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் மாலை, ஆணியில் தொங்கிய ஊசிகளில் கரி படிந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. துடைத்தால் போதும் என்று அவள் சொல்வதெல்லாம் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பாத்திரத்தோடு பாத்திரமாகச் சோப்புத் தண்ணீரில் முழுசாக ஊறப்போட்டு, தேய்த்து, பளபளவென்று திரும்ப மாட்டி வைத்தேன். தண்ணீர் மூட்டு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த வீட்டில் யாருக்கும் வராத சுத்தம் எனக்கு மட்டும் வந்தால் இப்படித்தான்.

அவள் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் நெருப்புப் பெட்டியில் இரண்டு கட்டை கூடுதலாகப் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"மேடம், கோழி இன்னும் உள்ள வேகலை. வர்றதுக்கு மணி ஒண்ணு ஆயிடும். சூப்பும் ரொட்டியும் இப்பவே அனுப்பிடறேன், அவங்களை அதைச் சாப்பிட வைங்க. தப்பு என்னுது மேடம். ஊசியை நான்தான் சரியா வச்சுக்கலை."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "கொண்டு வாங்க. ஆனா அடுத்த வாரத்தை மறந்துடுங்க."

போனை வைத்துவிட்டு அவள் புது ஊசியின் வயருக்கு அலுமினியத் தாள் சுற்ற ஆரம்பித்தாள். எந்தச் சுற்றிலும் அவசரம் இல்லை. ஆறு மாத உழைப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்போது வயர் கருகாமல் பார்த்துக்கொள்கிறவளை வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்? இப்படி ஒருத்தி என் வீட்டுக்கு வாழ வந்தாளே.

கோழிகள் தயாரானதும் நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டு அறையில் நாற்பது பேரும் காத்திருந்தார்கள். மருமகள் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோழியிலும் ஊசியைக் குத்தி எண்ணைப் பார்த்தாள். எழுபத்தாறு. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. பன்னிரண்டும் முடிகிற வரை கத்தியைத் தொடவில்லை. மேலாளரம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். நான் நேராக அவரிடம் போனேன்.

"என் மருமக உங்ககிட்ட பொய் சொல்லிட்டா."

அவர் திரும்பினார்.

"தப்பு அவளுது இல்லை. அந்த ஊசியைத் தண்ணில முக்கக்கூடாதுன்னு அவ நூறு தடவை சொல்லியிருக்கா. நான்தான் சோப்புத் தண்ணில ஊறப்போட்டேன். அந்தச் சனியன் வெந்துடுச்சுன்னு சொல்லுது, நானும் எடு எடுன்னு கத்தறேன், என் மகனும் சேர்ந்துக்கறான். இவ ஒருத்திதான் வேகலைன்னு நின்னா. இவ மட்டும் இல்லைன்னா இந்நேரம் உங்க ஆளுங்க அத்தனை பேரும் பச்சைக் கோழியைச் சாப்பிட்டிருப்பாங்க."

"அத்தை, மெதுவா..." என்றாள் மருமகள். முகம் சிவந்திருந்தது.

"மெதுவா என்ன மெதுவா? திட்டும்போது ஊருக்கே கேட்டுச்சில்ல, இதுவும் கேக்கட்டும்."

மூலையில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். பல் இல்லாத வாய் நிறைய சிரிப்பு. மேலாளரம்மா சிரிக்கவில்லை. மருமகளையும் அவள் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. அடுத்த ஞாயிறும் கொண்டு வாங்க. ஆனா ஒண்ணு. பன்னிரண்டரைன்னா பன்னிரண்டரை."

ஆகட்டும் என்று சொல்லி முடித்துவிட நான் வாயைத் திறந்தேன். மருமகள் முந்திக்கொண்டாள்.

"வெந்திருந்தா பன்னிரண்டரை மேடம்."

அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. கிடைத்ததை இவளே தட்டிவிட்டாளே என்று பதறினேன். மேலாளரம்மா பக்கத்து மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எனக்கும் வைம்மா."