வாசலைப் பார்த்த ஒட்டகம்

இந்தக் காலத்தில் யாரிடமும் ஒரு வேலையை முழுசாகச் செய்து வாங்க முடியாது. சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் 'ஆனா' என்று ஒன்று வந்துவிடும். ஒட்டகம் மேய்க்கும் ரபாரி சாதிக்காரர் தேவ்ஸியின் நெடுநாள் முடிவு இது. ஹூர்பாய் வந்து சுவர் முன்னால் உட்கார்ந்த பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டது.

மகன் ராணா கல்யாணத்துக்குப் பெண்ணின் ஊருக்குப் போயிருந்தான். நாளை மறுநாள் மருமகள் இந்த வட்ட மண்வீட்டுக்குள் கால் வைக்கிறாள். அதற்குள் உட்சுவரில் மண்வேலை முடிந்திருக்க வேண்டும். மாமியார் தன் கையால் செய்ய வேண்டிய காரியம். தேவ்ஸியின் மனைவி கங்குவுக்கோ மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதனால்தான் பக்கத்து ஊர் முஸ்லிம் பெண் ஹூர்பாயைக் கூப்பிட வேண்டி வந்தது.

அவள் கை நிற்கவில்லை. சலித்த ஒட்டகச் சாணியோடு களிமண்ணைப் பிசைந்து, உள்ளங்கையில் கயிறு போல உருட்டி, ஈரச் சுவரில் ஒட்டி, நடுநடுவே கண்ணாடிச் சில்லு பதித்தாள். கட்டமும் வளையமுமாகச் சுவர் நிறைந்தது. வாசலை ஒட்டி ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"ஒட்டகம் எங்க?" என்றார் தேவ்ஸி.

"முதல்லயே சொன்னேனே அண்ணே. உசுருள்ளது எதையும் நான் செய்யமாட்டேன். செஞ்சா மறுமையில, 'இதுக்கு உசுரு குடு'ன்னு அல்லா கேப்பான். நான் எங்க போவேன்?"

"உசுரா கேட்டேன்? ஒட்டகந்தானே கேட்டேன்."

"உங்க ஒட்டகத்துக்கு ஏற்கெனவே உசுரு ஜாஸ்தி. போன வருசம் எங்க கம்புக் கொல்லையையே மொட்டையடிச்சிட்டுப் போச்சு."

அப்படிச் சொல்லு! மறுமையாவது ஒன்றாவது. கொல்லைக் கோபத்தை இவள் சுவரில் காட்டுகிறாள் என்று தேவ்ஸிக்குப் பட்டது.

"குழைச்ச மண்ணை ஈரச்சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். வேற யாரையாச்சும் வச்சு செஞ்சுக்கங்க. காலையில வந்து வெள்ளை மண் பூசுறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

வேறு யார் இருக்கிறார்கள்? ஊர்ப் பெண்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கட்டிலில் கங்கு அழுதுகொண்டிருந்தாள்.

"மாதா களிமண்ணுல ஒட்டகம் பிசைஞ்சா. மகாதேவர் அதுக்கு உசுரு ஊதினாரு. அதை மேய்க்கத்தான் நம்மளையே படைச்சாரு. ஒட்டகம் இல்லாத சுவரைப் பாத்தா, வர்ற பொண்ணு இது ரபாரி வீடுதானான்னு கேக்கமாட்டாளா, ராணா அப்பா?"

ஆம்பளை சுவர்மண்ணைத் தொடும் வழக்கமில்லை. தேவ்ஸி எழுந்து கதவைச் சாத்தினார். விளக்கை ஏற்றிவிட்டுச் சாக்கை விலக்கினார்.

மண்கயிறு உருட்ட உருட்ட அறுந்தது.

"கழுத்தை நெரிக்கிற மாதிரி ஏன் புடிக்கிறீங்க? மாவு உருட்டுற மாதிரி மெதுவா."

"நான் என்னைக்கு மாவு உருட்டினேன்?"

"அதான் தெரியுதே."

முட்டி வலிக்க வலிக்க, திட்டு வாங்க வாங்க, ஒட்டகம் ஒருவழியாக எழுந்து நின்றது. தொங்கும் கீழுதடு, திமில், தொடையில் குடும்பச் சூட்டுக்குறிகூட வைத்தார். பெருமையோடு விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

கங்கு வெகுநேரம் பார்த்தாள். "வெளிய போகுதே" என்றாள்.

தேவ்ஸிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒட்டகத்தின் முகம் வாசலைப் பார்த்து இருந்தது. வாழ்நாளெல்லாம் விடிந்ததும் ஒட்டகங்களை வெளியே ஓட்டிப் போனவர். அவர் கைக்கு ஒட்டகம் என்றால் வெளியே போவதுதான். கல்யாணச் சுவரில் அது வீட்டுக்குள் வர வேண்டும்; மருமகளோடு சேர்ந்து வரும் லட்சுமி அல்லவா? மண் இறுகத் தொடங்கிவிட்டது. பிடுங்கினால் அடிப்பூச்சும் சேர்ந்து பெயரும். கங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவ்ஸி சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் வெள்ளை மண்ணோடு வந்த ஹூர்பாய் சுவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்குவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. ஒட்டகத்தின் மூக்குக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. மிச்ச மண்ணைத் தண்ணீர் தெளித்துக் குழைத்தாள். உருட்டினாள். ஒட்டினாள். வாசலோரம் ஒரு வன்னி மரம் எழுந்து வளைந்தது. அதன் காய்கள் ஒட்டகத்தின் உதடுவரை தொங்கின. காய்க்கொரு கண்ணாடிச் சில்லு.

"இப்ப எங்க போகுது? தீனியைப் பாத்து நின்னுடுச்சு. மரம் செய்ய எனக்கு ஒரு தடையுமில்ல அக்கா" என்றாள் கங்குவிடம். பிறகு தேவ்ஸியைத் திரும்பிப் பார்த்து, "எங்க கொல்லையைத் தின்னது போதாது. இதையும் தின்னட்டும்."

கங்கு பாதி வாயால் சிரித்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து தேவ்ஸி இன்றுதான் பார்க்கிறார். அதைப் பார்க்காதவர் போலச் சுவரையே முறைத்தார்.

"காய் தீந்ததும் கிளம்பிடும்" என்றார்.

"எல்லாம் கண்ணாடி அண்ணே. எப்படித் தீரும்?"

"எங்க ஒட்டகம் கண்ணாடியையும் திங்கும். உனக்குத் தெரியாது."

கையில் காய்ந்திருந்த மண்ணைக்கூடக் கழுவாமல், தடியை எடுத்துக்கொண்டு மேய்ச்சலைப் பார்க்க நடந்தார்.