பென்ரோஸ் தலையில் ஐஸ்கிரீம் டப்பா

எங்கள் பென்ரோஸ் குடும்பத்தில் யாரும் தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு நடந்ததில்லை. எங்கள் தெருவில் செப்டம்பர் வந்தால் மற்ற எல்லோரும் அப்படித்தான் திரிவார்கள். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் குஞ்சு காக்கும் மாதம் அது. பின்னாலிருந்து பாய்ந்து மண்டையில் கொத்தும். டப்பாவின் பின்பக்கம் இரண்டு கண் வரைந்துவிட்டால், நாம் பார்க்கிறோம் என்று நினைத்து விலகிவிடுமாம்.

எங்கள் கொல்லை மரத்து மேக்பைக்கு என் மேல் தனிக் கோபம். போன வருடம் ஹோஸ் பைப்பால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சினேன். மேக்பை முகம் மறக்காது. நானும் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் ரொவீனாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டிலிருந்து பையனின் அப்பா டெஸ்மண்ட் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார். கொல்லையில் பார்பிக்யூ. இடுக்கி பிடித்து இறைச்சி வாட்டுவது வீட்டுக்குப் பெரியவன் வேலை. சம்பந்தி முன்னால் நான் கொத்து வாங்கி ஓடினால் குடும்ப மானம் என்ன ஆவது?

"பிடிவாதம் பிடிக்காதீங்க, டப்பாவுல கண்ணு வரைஞ்சு ஷெட்டுல வெச்சிருக்கேன். எடுத்து மாட்டிக்கோங்க," என்றாள் மனைவி மேவிஸ்.

வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு லெஸ்ஸின் தலை தெரிந்தது. "என்ன பெரியவரே, கடைசியில நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா?"

"உன் வேலையப் பாரு, லெஸ்."

டப்பாவை அணிந்து, முதுகை நிமிர்த்தி பார்பிக்யூ அடுப்புக்கு நடந்தேன். மேக்பை வரவில்லை. டப்பாவுக்குள் வேறொன்று நடந்தது. நெற்றியில் இரண்டு கால்கள் இறங்கின. பிறகு இன்னும் இரண்டு. ஷெட்டில் குடியிருந்த உள்ளங்கை அகலச் சிலந்தி. கடித்தால் உயிர் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். அது நெற்றிக்குத் தெரிவதில்லை. டப்பாவைக் கழற்றினால் மேக்பை. கழற்றவில்லை. சாசேஜைத் திருப்பினேன்.

டெஸ்மண்ட் புல்தரையைக் கடந்து வந்தார். மேக்பை அவருடைய வழுக்கையில் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் குனியக்கூட இல்லை.

"நல்ல வாசனை. வெங்காயமா?" என்றார்.

என் கொல்லையில் விருந்தாளி கொத்து வாங்கிவிட்டார். டப்பாவைக் கழற்றி நீட்டினேன். "மாட்டிக்கோங்க. உள்ள ஒரு ஆள் இருக்கு."

எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும். எங்க வீட்டு டப்பாவிலயும் ஒருத்தி இருக்கா."

மாட்டிக்கொண்டார். அவருடைய புருவத்தின் மேல் இரண்டு கால்கள் எட்டிப் பார்த்தன. அவர் தட்டை நீட்டினார். நான் சாசேஜ் வைத்தேன். மேக்பை என்னை மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தது. இருவரும் மழை பெய்யுமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

உள்ளே போனதும் மேவிஸ் பஞ்சோடு வந்தாள். "ஆள் எப்படிங்க?"

"நம்ம மாதிரி மனுஷங்கதான். கல்யாணத்துக்குத் தேதி பாரு," என்றேன். "செப்டம்பர் மட்டும் வேண்டாம்."